புகைக்குழாய்க்குள் ஓர் அடி

இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற நெடுஞ்சாலையில், ஒரு பெட்ரோல் பங்க்கை ஒட்டினாற்போல் அந்தச் சின்ன அறை இருக்கிறது. வாசலில் ‘வாகனப் புகைப் பரிசோதனை மையம்’ என்று பலகை. காலை ஒன்பது மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு ஷேர் ஆட்டோ, மீன் பெட்டி கட்டிய எக்ஸெல், சுற்றுலா வேன் என்று வரிசை நின்றது. என் பைக்கை அவற்றுக்குப் பின்னால் நிறுத்தினேன். என் வண்டிக்கும் சான்றிதழ் வேண்டும். அதைவிட, அந்தச் சான்றிதழ் எப்படி உருவாகிறது என்று ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நின்று பார்க்க வேண்டும். மையத்தை நடத்துகிற இளைஞரிடம் சொன்னேன். “தாராளமாப் பாருங்க சார். யாரும் பாக்குறதில்ல. தாளை வாங்கிட்டுப் போய்ருவாங்க” என்றார்.

அறைக்குள் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், சுவரோரம் இரண்டு கருவிகள். ஒன்று பெட்ரோல் வண்டிக்கு, மற்றது டீசல் வண்டிக்கு. பெட்ரோல் கருவியிலிருந்து நீளமான ரப்பர் குழாய் வாசல்வரை வருகிறது. அதன் நுனியில் உலோகக் குச்சி போன்ற ஒரு முனை. புரோப் என்கிறார்கள். அது சைலன்சருக்குள் குறைந்தது 300 மில்லிமீட்டர் போக வேண்டும் என்பது சோதனை விதி. அதாவது ஏறக்குறைய ஓர் அடி. வாயோரத்தில் வைத்தால் வெளிக்காற்றும் சேர்ந்து வந்துவிடும், கருவி காட்டுவது வண்டியின் புகையாக இருக்காது. பல இருசக்கர வண்டிகளின் சைலன்சரில் உள்ளே தடுப்புத் தகடுகள் இருப்பதால் ஓர் அடி நுழையாது. அப்படிப்பட்ட வண்டிக்கு சைலன்சர் வாயில் காற்றுப் புகாமல் ஒரு நீட்டிப்புக் குழாயை மாட்டி, அதற்குள் புரோபை விட வேண்டும். இந்த மையத்தில் அந்தக் குழாய் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கருப்பேறி, கையாண்டு பழகியதாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இந்த இடத்தின்மேல் நம்பிக்கை வந்தது.

முதலில் எக்ஸெல். 2016-இல் வாங்கிய எக்ஸெல் 100. வண்டிக்காரர் பாம்பன் பக்கத்துக்காரர், விடியற்காலையில் மீன் எடுத்து இராமநாதபுரத்துத் தெருக்களில் விற்றுவிட்டுத் திரும்புகிற வழியில் வந்திருந்தார். பெட்டியில் ஐஸ் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஆஃப் பண்ணாதீங்க. சூடாவே இருக்கட்டும்.”

எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதற்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படும், அந்த அளவு உண்மையான அளவாக இருக்காது. அதனால் ஓடி வந்த சூட்டோடு, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ஐடிலில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இளைஞர் புரோபை உடனே எடுக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சைலன்சரின் அடிப்பக்கம் நெடுகக் கையைச் சற்றுத் தள்ளி வைத்து நகர்த்தினார். பிறகு ஒரு ஈரத்துணியைச் சுருட்டிச் சைலன்சர் வாயை ஒரு நொடி அடைத்தார். வாயை அடைத்தால் புகை போக வழியில்லாமல் எஞ்சின் திணற வேண்டும். இந்த வண்டி திணறவில்லை. வளைவுக்குக் கீழே எங்கிருந்தோ ‘புஸ் புஸ்’ என்று சத்தம் வந்தது.

“ஓட்டை இருக்குண்ணே.”

“என்ன தம்பி சொல்ற, போன மாசந்தானே சர்வீஸ் விட்டேன்.”

“சர்வீஸ்ல மேல தொடச்சுக் குடுத்துருப்பாங்க. அடியில பாருங்க.”

மூவரும் குனிந்து பார்த்தோம். மேலே பளபளப்பு, அடியில் துரு பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. வளைவின் கீழே உளுந்தளவில் இரண்டு துளைகள்.

எனக்குக் காட்டுவதற்காக, கணினியில் வண்டி எண்ணைப் போடாமல், கருவியை மட்டும் ஓட்டினார். புரோபை உள்ளே விட்டதும் எண்கள் ஆடி, ஒரு நிலையில் நின்றன. கார்பன் மோனாக்சைடு ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2000-க்குப் பிறகு தயாரான இந்த வகை ஃபோர் ஸ்ட்ரோக் இருசக்கர வண்டிக்கு அனுமதிக்கப்பட்டது 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். இரண்டிலும் இந்த வண்டி வெகு சுலபமாகத் தேறியிருந்தது. தாளில் அச்சிட்டிருந்தால் நல்ல வண்டி என்றுதான் சொல்லியிருக்கும்.

“இதப் பாருங்க சார்” என்று ஆக்சிஜன் எண்ணைக் காட்டினார். அது ஏறிக் கிடந்தது. கார்பன் டை ஆக்சைடு இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். எஞ்சினில் எரிந்து வந்த புகையில் அதில் பெரும்பகுதி செலவாகியிருக்க வேண்டும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் புகை விட்டுவிட்டு வருகிறது. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவில் குழாயில் அழுத்தம் தணியும்போது, அந்தத் துளைகள் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நச்சு குறையவில்லை. தண்ணீர் கலந்த பால் போல் நீர்த்துவிட்டது. சில வண்டிகளில் மிச்சப் புகையை எரிப்பதற்காகத் தயாரிப்பாளரே சைலன்சருக்குள் காற்றை விடும் ஏற்பாட்டை வைத்திருப்பார் என்பதையும் அவர் சொன்னார். அதனால் ஆக்சிஜன் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, கை வைத்தும் காது கொடுத்தும் பார்த்தாக வேண்டும்.

எக்ஸெல்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அதான் பாஸுன்னு காட்டுதுல்ல தம்பி, குடுத்துரு” என்றார். இளைஞர் தயங்காமல், “அடைச்சுட்டு வாங்கண்ணே, காசு வேணாம், மறுபடி பாத்துத் தர்றேன்” என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று தோன்றியது. ஒரு வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்புவது இந்தச் சிறிய தொழிலில் எவ்வளவு பெரிய முடிவு என்பதை அந்த அறையைப் பார்த்தாலே தெரியும்.

என் வண்டியின் முறை வந்தது. துணியால் அடைத்தார், எஞ்சின் திணறி அணையப் பார்த்தது. நல்ல அறிகுறி. இப்போது நடைமுறை இறுக்கமாகியிருக்கிறது. நம்பர் பிளேட் தெரியப் படம், சோதனை நடப்பதைக் காட்டும் காணொளி, மையம் இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ் எல்லாம் கைபேசிச் செயலி வழியாகப் போகின்றன. வண்டியே வராமல் எண்ணைச் சொல்லிச் சான்றிதழ் வாங்குகிறார்கள் என்ற புகார்களுக்குப் பிறகு 2024-இல் தமிழ்நாடு போக்குவரத்துத் துறை கொண்டுவந்த ஏற்பாடு இது. 2021 ஜூனிலிருந்து நாடு முழுக்க ஒரே வடிவத் தாள், அதில் க்யூ.ஆர் குறியீடு, தவறினால் நிராகரிப்புச் சீட்டு. வண்டி சோதனை மையத்துக்கு வந்தது என்பதற்கு இனி சாட்சி இருக்கிறது. சைலன்சர் முழுசாக இருந்தது என்பதற்கு இல்லை.

பதிவான நாளிலிருந்து ஓராண்டு முடிந்த பிறகு, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆம் விதிப்படி இந்தச் சான்று கட்டாயம். பாரத் ஸ்டேஜ் என்னும் புகை வரையறையில் பி.எஸ்-3 வரையிலான வண்டிகளுக்கு 6 மாதம், பி.எஸ்-4, பி.எஸ்-6 வண்டிகளுக்கு ஓராண்டு செல்லும். இல்லாமல் பிடிபட்டால், 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 10,000 ரூபாய் வரை அபராதம் போகலாம், உரிமமும் 3 மாதம் முடங்கலாம். பலரை இங்கே இழுத்து வந்தது இன்சூரன்ஸ்தான். புகைச் சான்று இல்லாமல் இன்சூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதனால் இன்சூரன்ஸே இல்லாத வண்டிகள் பெருகி, விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்காமல் போகிறது என்ற வாதத்தை ஏற்று, 2024 ஜூலையில் நீதிமன்றமே அந்த நிபந்தனையை விலக்கியது. அதற்குப் பிறகும் வருகிறவர்கள் சாலைச் சோதனைக்குப் பயந்தோ, எஃப்.சி என்னும் தகுதிச் சான்றுக்காகவோ வருகிறவர்கள்.

வேன் எஃப்.சி-க்காக வந்தது. டீசல் சோதனை முற்றிலும் வேறு. இங்கே வாயுவை அளப்பதில்லை, கருமையை அளக்கிறார்கள். புகையை ஓர் அறைக்குள் இழுத்து, ஒரு பக்கமிருந்து ஒளியைப் பாய்ச்சி, மறுபக்கம் எவ்வளவு மறைபட்டது என்று பார்க்கிறது கருவி. அந்தக் கருமையின் அலகு ஹெச்.எஸ்.யூ. வரம்பு பி.எஸ்-3 வரை 65, பி.எஸ்-4-க்கு 50. நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று அடிவரை மிதிக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். சில முறை இப்படிச் செய்து சராசரி எடுக்கிறார்கள். ஓட்டுநர் ஒவ்வொரு மிதிக்கும் கண்ணை இறுக்கிக்கொண்டார். “எஞ்சின் கத்துறது நம்மளே கத்துற மாதிரி இருக்கு சார்” என்றார். முதல் மிதியில் கருமேகம் ஒன்று அறைவாசலுக்கு வந்து போனது, அடுத்தடுத்த மிதிகளில் இளைத்தது. வேன் தேறியது.

சோதனைக்கு முதல் நாள் டீசல் பம்பில் திருகைக் குறைத்து வைத்துவிட்டு, எஃப்.சி முடிந்ததும் பழையபடி ஏற்றிக்கொள்கிற பழக்கம் பழைய வண்டிகளில் உண்டு. ஏற்றினால் மேட்டில் இழுவை கிடைக்கும், கூடவே கரும்புகையும் வரும். இது நம்மூர்க்காரர்களின் தந்திரம் மட்டுமல்ல. 2015-இல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் பிடிபட்டது இதற்காகத்தான். சோதனை நடக்கிறது என்பதை வண்டியின் மென்பொருளே கண்டுகொண்டு அப்போது மட்டும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்கிக்கொள்ளும், சாலையில் விட்டுவிடும். உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. நம் புகை மையங்களில் நைட்ரஜன் ஆக்சைடுகள் அளக்கப்படுவதே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகள்களும் அப்படியே.

பதினொரு மணிக்குக் கிளம்பி இராமேஸ்வரம் நோக்கிப் போனேன். உச்சிப்புளி தாண்டியதும் காற்றில் உப்பு ஏறுவது உதட்டில் தெரிகிறது. பாம்பன் சாலைப் பாலத்தில் வழக்கமான நெரிசல். 1988-இல் திறந்த பாலம் இது. வருகிறவர்கள் எல்லாரும் நடுவில் வண்டியை நிறுத்திக் கடலையும் ரயில் பாலத்தையும் படம் எடுக்கிறார்கள், எஞ்சினை அணைப்பதில்லை. பின்னால் நிற்கும் பேருந்துகளும் ஆட்டோக்களும் அப்படியே உறுமிக்கொண்டு நிற்கின்றன. ஐடிலில் நிற்கும் வண்டி என்ன விடுகிறது என்பதைத்தான் மையத்தில் பார்த்துவிட்டு வந்தேன். அந்தச் சோதனை யாருக்காக என்பது இந்தப் பாலத்தில் நின்றால் புரியும்.

பக்கவாட்டில் ரயில் பாலங்கள். 1914-இல் திறந்த பழைய பாலம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவோடு போராடி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் பூச்சு என்று எத்தனையோ பாதுகாப்பு. ரயில்வேக்கே இந்தப் பாடு என்றால், மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடுகிற ஒரு எக்ஸெலின் மெல்லிய தகரக் குழாய் எத்தனை நாள் தாங்கும்?

இராமேஸ்வரத்தில் ரத வீதி ஓரம் ஆட்டோ ஸ்டாண்டில் பேச்சுக் கொடுத்தேன். “இங்க புகை எங்கண்ணே நிக்கும்? கடக்காத்து வாரிக்கிட்டுப் போயிருமே” என்றார் ஒருவர். எல்லாரும் ஆமோதித்தார்கள். ஊருக்கு மேலே நிற்காது, உண்மைதான். ஆனால் ரத வீதியில் தீர்த்தமாடிய ஈரத்துணியோடு நடக்கிற கூட்டத்துக்கு நடுவில் ஆட்டோ ஊர்ந்து போகிறபோது, சைலன்சருக்கு இரண்டு முழம் தள்ளி, தரையோடு தரையாக உட்கார்ந்து சங்கும் பாசிமணியும் விற்கிற பெண்ணுக்குக் கடல்காற்று வந்து சேர்வதற்குள் அந்தப் புகை மூக்குக்குள் போய்விடுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி வந்தால் வெயில் என்றுதான் நினைப்பார்.

துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள். ஒவ்வொன்றிலும் லாரி எஞ்சின் அளவில் டீசல் எஞ்சின். அவற்றில் எதற்கும் புகைச் சான்று கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் கரையோடு நின்றுவிடுகிறது. “எங்க எஞ்சினைத் தடைக்காலத்துலதான் சார் பிரிச்சுப் பாப்போம்” என்றார் ஒரு டிரைவர். மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாசிலை மாற்றினால் புகை குறையும், டீசலும் மிச்சப்படும் என்பதால் சட்டம் கேட்காமலே பார்த்துக்கொள்கிறார்கள். டீசல் செலவு அப்படி. எனக்கு இந்தக் கணக்குப் பிடித்திருந்தது. புகை என்பது எரியாமல் போன காசு என்று கடலுக்குப் போகிறவருக்குத் தெரிந்திருக்கிறது.

திரும்பும் வழியில் தங்கச்சிமடத்தில் ஒரு மெக்கானிக் பட்டறையில் நின்றேன். சுவரோரம் கழற்றிப் போட்ட சைலன்சர்கள். ஒன்றைக் காலால் புரட்டினேன், அடித்தகடு விரல் பட்டதும் உதிர்ந்தது. பட்டறைக்காரர் பெரியவர், நாற்பது வருஷத் தொழில்.

“வெளிய உப்புதான்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. உள்ள இருந்தும் அரிக்கும் தம்பி” என்றார்.

அவர் சொன்னது சரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. தூரம் ஓடினால் சைலன்சர் நன்றாகச் சூடேறி அதை வெளியே தள்ளிவிடும். கடற்கரையிலிருந்து சந்தைக்கு, சந்தையிலிருந்து நாலு தெரு, நின்று நின்று போகிற வண்டியில் சைலன்சர் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. தண்ணீர் அடிவளைவில் தேங்கி நிற்கும். வெளியே உப்பு, உள்ளே தண்ணீர். எனவே துளை விழுவது எப்போதும் அடியில்தான், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான். தனுஷ்கோடிப் பக்கம் ஓடுகிற வண்டிகளில் இன்னொன்றும் சேர்கிறது. மணல் ஏர் ஃபில்டரை அடைத்துவிடும், காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகும், கார்புரேட்டர் வண்டியில் கார்பன் மோனாக்சைடு ஏறும். அந்த ஏற்றத்தைக் கருவி காட்டியிருக்கும். சைலன்சரில் துளை இருந்தால் அதையும் மறைத்துவிடும். வண்டி கெடக் கெடச் சோதனையில் நல்ல எண் வருகிற நிலைமை இந்தக் கரையில் இருக்கிறது.

என் பையிலிருந்த சான்றிதழை அவரிடம் காட்டினேன். கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், வரம்பு, அளந்தது. சைலன்சரில் கசிவு பார்க்கப்பட்டதா என்று ஒரு வரி இல்லை. கருவியின் திரையில் நான் பார்த்த ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எண்களும் இதில் இல்லை. அந்த மூன்றையும் தாளில் சேர்க்க வேண்டும். புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம், எண்கள் ஏற்கெனவே திரையில் வருகின்றன. காணொளி எடுக்கிற செயலியிலேயே சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துப் பார்க்கும் பத்து நொடியையும் எடுக்கச் சொல்லலாம். கடலோர மாவட்டங்களிலாவது முதலில் செய்யலாம். போக்குவரத்துத் துறை நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுத் தாளை ஒருமுறை படித்தார். பழுதுக்கு என்ன செலவாகும் என்று கேட்டேன். சின்னத் துளை என்றால் தகடு வைத்து கேஸ் வெல்டிங் அடித்துவிடலாம், அரை நாளில் வண்டி கிடைக்கும், எம்-சீல் வைத்து அப்புவது சூட்டில் நிற்காது, அடி முழுக்கத் தகடு மெலிந்திருந்தால் வெல்டிங் பிடிக்க இடமே இருக்காது, மாற்றத்தான் வேண்டும் என்று விளக்கினார். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அடியைக் கழுவி, காயவைத்து, சூடு தாங்கும் பெயிண்ட் அடித்தால் ஆயுள் கூடும் என்றார். மீன் வண்டிக்காரர்கள் தினமும் ஒரு வாளி நல்ல தண்ணீரை அடியில் ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது என்றும் சொன்னார்.

“பாம்பன்காரர் ஒருத்தர் எக்ஸெலோட வருவார், வளைவுல ரெண்டு ஓட்டை” என்றேன்.

“வந்துட்டுப் போயிட்டாரே. வெல்டிங் அடிச்சாச்சு. சாயங்காலமே புகை பாக்கப் போறேன்னாரு” என்றார் பெரியவர்.